முற்றத்தில் நின்ற கடல்

குருசடித்துறைக்குக் கடல் வீடு தேடி வரத் தொடங்கிய ஆடி மாதத்தில், அது முதலில் மீன் ஏலம் போடும் மணல்வெளியைத் தின்றது, பிறகு வலை காயப்போடும் மேட்டைத் தின்றது, பிறகு பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து ஊரின் பாட்டன் பூட்டன்மாரைச் சிலுவையோடும் பெயரோடும் வாரிக்கொண்டு போனது, பிறகு கடற்கரைத் தெருவில் ஒரு வரிசை வீடுகளை எடுத்தது. இனி முன்னால் நிற்பது வள்ளங்களுக்கு எஞ்சின் பழுது பார்க்கும் ததேயுவின் வீடுதான் என்று ஆன அந்தச் சாயங்காலத்தில், ஊரே பெட்டியும் பாத்திரமும் கோழியுமாக மேட்டுத்தெருவுக்கு ஓடிக்கொண்டிருக்க, ததேயுவும் அவர் மனைவி பிரகாசியும் ஆளுக்கொரு பாயில் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பயம் இல்லாமல் அல்ல. பத்துப் பத்து மணியாகச் சொல்லும் அந்த ஜெபத்தில் மூன்றாவது பத்தின் நடுவில் இருந்தார்கள், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் அந்த ஜெபத்தை நடுவில் நிறுத்தியதில்லை. ஒவ்வொரு மணிக்கும் முதல் பாதியை அவர் சொல்வார், "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்குவது அது. இரண்டாம் பாதியை அவள் சொல்வாள், "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று முடிவது அது. அவர் பாதி இல்லாமல் அவள் பாதி கிடையாது, அவள் முடிக்காமல் அவர் அடுத்ததைத் தொடங்குவதும் கிடையாது. மரம் அறுப்பவர்கள் இரு பக்கமும் நின்று அறுப்புவாளை இழுப்பதுபோல அந்த வீட்டில் ஐம்பத்து மூன்று மணியும் போய் வரும்.

அந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் நடக்கிற வீட்டுக்குள் யாரும் நுழைவதில்லை. கல்யாணம் சொல்ல வந்தவனானாலும், சண்டைக்கு வந்தவனானாலும், சாவு சொல்ல வந்தவனானாலும், தலைத்துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, உள்ளே ஜெபம் முடிகிற சத்தம் கேட்கும்வரை முற்றத்தில் நிற்பான். கடலும் நின்றது. படிக்கட்டுக்கு மூன்று முழம் தள்ளி, இடுப்பளவு உயரத்தில், நுரை அடங்கி, வந்த வேகத்தை எல்லாம் வயிற்றுக்குள் பிடித்துக்கொண்டு நின்றது.

நான்காவது பத்துக்குப் போகுமுன் பிரகாசி கண்ணைத் திறக்காமலே, "முத்தத்துல யாரோ நிக்காவ" என்றாள்.

"நிக்கட்டும்" என்றார் ததேயு.

ஜெபம் முடிந்தது. முடிந்ததும் வீட்டிலுள்ளவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கைகூப்பி, "சேசுவுக்குத் தோத்திரம்" என்று சொல்லிக்கொள்வது அங்குள்ள மரபு. நன்றி கடவுளுக்குத்தான், ஆனால் முகம் பார்ப்பது மனிதரை. ததேயு கூச்சக்காரர். எஞ்சினைத் திறந்தால் ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையில் துணியில் வைத்து அதே வரிசையில் பூட்டுவாரே தவிர, வாயைத் திறந்து நாலு வார்த்தை கோப்பது அவருக்கு ஆகாது. மனைவிக்கு நன்றி சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே வழி அந்தத் தோத்திரம். அதைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் உள்ள எல்லா மணியையும் வரிசை மாறாமல் சொல்லித் தீரவேண்டும் என்பதால்தான் அவர் காய்ச்சலிலும் ஜெபத்தை விட்டதில்லை.

அவளும் பதில் தோத்திரம் சொன்னாள். பிறகு வழக்கம்போல அவள் முதலில் எழுந்து, அவருடைய இடது முட்டு பூட்டிக்கொள்ளும் என்பதால், முழங்கைக்குக் கீழே கைகொடுத்து அவரைத் தூக்கிவிட்டாள். இருவரும் வாசலுக்கு வந்து பார்த்தபோது, கடல் பின்னாலேயே நடந்து, முதுகு காட்டாமல், பழைய கல்லறைத் தோட்டம் இருந்த இடம்வரை போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் வந்தது, நின்றது, போனது. அதற்கு மறுநாளும். ஒரு கிழமைக்குள் ஊர் இதைப் பழகிக்கொண்டது, மின்சாரம் வந்ததையும் தண்ணீர்க் குழாய் வராததையும் பழகிக்கொண்டதுபோல. ஓடிப்போனவர்கள் கோழிகளோடு திரும்பி வந்தார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் கில்பர்ட், தன் வீட்டு இடிந்த காம்பவுண்டைக் கட்டி முடித்தார். பங்குச்சாமியார் வந்து முற்றத்தைப் பார்த்தார், ஈர மணலைத் தொட்டுப் பார்த்தார், இதைப் புதுமை, அற்புதம் என்று சொல்லவும் மாட்டேன் இல்லை என்று சொல்லவும் மாட்டேன், ஆனால் இந்த வீட்டு வாசலில் மெழுகுதிரி கொளுத்தினால் பூசைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அரசாங்கத்திலிருந்து, அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல்லடுக்கித் தூண்டில் வளைவு போட ஆள் வந்து டேப்பை இழுத்து அளந்து, கடல்தான் இங்கே நின்றுவிட்டதே, பக்கத்து ஊருக்கு அவசரம் என்று கல் லாரிகளை அங்கே திருப்பிவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. கல்லைவிட உறுதியானது தங்களிடம் இருப்பதாக ஊர் நம்பியது.

நம்பிய ஊர் காவலும் காத்தது. காலையில் முதல் வலையில் பட்ட மீன் அவர்கள் வீட்டுக்கு வந்தது. கூரைக்குப் புது ஓடு வந்தது. பிரகாசிக்குப் பிள்ளை இல்லை என்பதால் பிறந்த குழந்தைக்குச் சீனித்தண்ணீர் தொட்டுவைக்க அவளை ஒருநாளும் கூப்பிடாத பெண்கள், இப்போது தொப்புள்கொடி உலராத பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்கள். அவள் வைத்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு மடியிலிருந்த ஈரத்தைக் கொஞ்சநேரம் மாற்றாமல் இருந்தாள்.

மாலை ஆனால் கமிட்டி ஆள் ஒருவன் சன்னலுக்குக் கீழே நின்றான். ஒருநாள் அவன் ஓடிப்போய்ச் சொல்லிவிட, கில்பர்ட் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஓய் ததேயு, வீட்டுல என்ன சத்தம்? சண்டையா?"

"சண்ட ஒண்ணும் இல்ல. கறியில உப்பு கூடிப்போச்சுண்ணு சொன்னேன்."

"அத எதுக்கு வே சொன்னீரு? தின்னுட்டுப் போவ வேண்டியதுதானே. கடலு கேட்டுட்டுல்லா கெடக்கு."

பிரகாசி அடுக்களையிலிருந்து, "தலைவரே, நாளைக்கு ஒங்க வீட்டுல இருந்து கறி குடுத்து விடுங்க. உப்பு சரியா இருக்கான்னு கடல்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதோம்" என்றாள்.

சன்னலுக்குக் கீழே நின்றவன் சிரித்துவிட்டு, தலைவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஒருமுறை ததேயு குளச்சலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போய், திரும்பும் வழியில் பஸ் பழுதாகி, ஜெப நேரத்துக்கு வந்துசேரவில்லை. பிரகாசி தனியாகவே இரண்டு பாதியும் சொன்னாள். அன்று கடல் முற்றத்தில் நிற்காமல் வீட்டைச் சுற்றிப் போய் ஐஸ் பிளாண்டின் பின்சுவரையும் இரண்டு வீடுகளையும் எடுத்தது. அதிலிருந்து இருவரும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று கமிட்டி முடிவு செய்தது. முடிவைச் சொல்ல வந்தவர்கள் பழமும் கொண்டுவந்தார்கள். கில்பர்ட்டின் மகன் படித்தவன், இருவர் ஜெபத்தையும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லி, கோவில் ஒலிபெருக்கியில் போட்டும் பார்த்தான். ஒரு வள்ளத்து எஞ்சின் அவசரம் என்று பொய் சொல்லி ததேயுவை அன்று அரைமணி நேரம் தாமதிக்க வைத்திருந்தார்கள். கடல் அந்த ஒலிபெருக்கிக் கம்பத்தை முதலில் எடுத்தது.

இப்படி மூன்று வருடம் போனது. நான்காவது வருடம் பிரகாசிக்கு அடிவயிற்றில் நோவு தொடங்கியது. முதலில் அவள் அதைச் சொல்லவில்லை. ஜெபத்தில் தன் பாதியைச் சொல்லும்போது "மரண" என்ற இடத்தில் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள், எஞ்சினில் ஒரு தட்டல் கேட்டாலே நின்று காது கொடுக்கிற ததேயுவுக்கு அது முதல் நாளே கேட்டது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா பார்த்துவிட்டு, திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும், அங்கே தங்கி ஒன்றரை மாதம் கட்டியைக் கரைக்கக் கதிர் பாய்ச்சிக் கரண்டு வைக்கவேண்டும், இப்போது போனால் பிழைக்கலாம் என்றாள்.

ஊர் அழுதது. அது நடிப்பல்ல. வேண்டுதல் பூசை வைத்தார்கள், பெண்கள் கூட்டமாக வந்து அவள் காலைத் தடவினார்கள். ஆனால் போகிற நாளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கோவில் திருவிழா கழியட்டும் என்றார்கள். திருவிழா கழிந்தது. கடல் பெருகுகிற கருத்தவாவு வருகிறதே, அந்த அமாவாசை கழியட்டும் என்றார்கள். அதுவும் கழிந்தது. இடவப்பாதி மழை வந்தது, ஆடிக் காற்று வந்தது. ஒவ்வொருமுறையும் கமிட்டிக் கூட்டத்தில் ததேயு கடைசி வரிசையில் உட்கார்ந்து, மாலையில் கோக்கிற மணிகளைப்போலச் சொல்லவேண்டிய வார்த்தைகளை மனதில் வரிசைப்படுத்தி, எழுந்து நிற்குமுன் கூட்டம் முடிந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இஞ்ச பாருங்க. எனக்குச் சாவப் பயமா இருக்கு" என்றாள். "ஒங்களுக்குப் பேசப் பயமா இருக்கு. ரெண்டு பயத்துல எது பெருசுண்ணு நீங்களே பாத்துக்கிடுங்க."

அவர் அன்று மாலை கூட்டத்தில் எழுந்து நின்றார். "நாளைக்கு நாங்க போறோம்" என்றார். அவ்வளவுதான் வந்தது.

கில்பர்ட் மெதுவாகத்தான் பேசினார். "போவாதீருண்ணு யாரு சொன்னா. ஒரு பொம்பளைக்கு நோவு, எனக்கும் வருத்தம் உண்டு. இஞ்ச எத்தன வீடு இருக்கு, எத்தன பிள்ளைய இருக்குண்ணு ஒருக்கா எண்ணிப் பாத்துட்டுப் போவும்."

"எண்ணிட்டேன்" என்றார் ததேயு. "அவ ஒருத்திதான்."

மறுநாள் காலை கார் வந்தது. பிரகாசி பின் இருக்கையில் படுத்திருந்தாள். மேட்டுத்தெரு தாண்டி, ஊர் எல்லையில் சிலுவை நிற்கும் குருசடிக்கு முன்னால், தார்ச் சாலையில் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், காரின் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில், வெறும் சேலைத் துணியில் ஒரு கைக்குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். அதன் தாய் சின்னப் பெண், முகத்தைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள். யாரும் பேசவில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்தான். வெயில் ஏறியது, தார் வெதும்பியது, குழந்தை முதலில் சிணுங்கி, பிறகு வீறிட்டு அழுதது. அதன் தாய் உட்பட ஒருவரும் அதை எடுக்கவில்லை.

பிரகாசி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். ததேயு பிடிக்குமுன் நாலு எட்டு நடந்து, குனிந்து, குழந்தையை எடுத்து, தன் நிழல் அதன் முகத்தில் விழும்படி வைத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளால் அதற்குமேல் எழ முடியவில்லை. அழுகை நின்றதும் அந்தச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கொடுத்தாள்.

"முதுகு பொள்ளியிருக்கு. தேங்கா எண்ண தடவு" என்றாள். பிறகு ததேயுவிடம், "காரைத் திருப்பச் சொல்லுங்க. அடுத்த தடவ ரெண்டு பிள்ளையக் கெடத்துவாவ" என்றாள்.

கமிட்டி வீட்டுக்கே டாக்டரைக் கூட்டிவந்தது. பெரிய டாக்டர்தான். பார்த்துவிட்டு வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே, இவ்வளவு நாள் ஏன் வைத்திருந்தீர்கள், இனிமேல் கரண்டு வைத்துப் பிரயோசனம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஒரேநேரத்தில் தங்கள் காலைப் பார்த்தார்கள்.

கடைசி நாட்களில் அவளால் முழங்காலில் நிற்க முடியவில்லை. பாயில் படுத்தபடியே தன் பாதியைச் சொன்னாள். ஒவ்வொரு மணிக்கும் அவர் காத்திருந்தார். சிலநேரம் அவள் ஒரு மணியை முடிக்க, ஒரு வள்ளம் கரையேறும் நேரமானது. கடலும் முற்றத்தில் காத்திருந்தது. ஒரு நாள் ஜெபம் முடிந்து தோத்திரம் சொன்ன பிறகு அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்ரோல் நாற்றம் போகாத கை.

"ஒண்ணு கவனிச்சியளா? இத்தன வருசமா வாழ்கண்ணு நீங்க சொன்னிய. மரணத்த நாந்தான் சொன்னேன்."

அவர் அதைக் கவனித்ததில்லை. சொல்லின் எடை இரண்டு பாயிலும் சமமாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்.

"மாத்திக்கிடுவமா பிள்ள?" என்றார்.

"வேண்டாம். எனக்குப் பழகிப்போச்சு" என்றாள். பிறகு, "பிள்ள இல்லண்ணு ஒங்க அம்ம வேற பொண்ணு பாத்துட்டு வந்தப்ப என்ன சொன்னிய, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"கல்யாணத்துல சாமியாரு கேட்ட அண்ணைக்கே சம்மதம்ணு சொல்லியாச்சு, திரும்பத் திரும்பக் கேட்டா வேற என்ன சொல்லன்னேன்."

"அது போதும்" என்றாள். "எனக்க பாதிய மட்டும் வேற யாருக்கும் குடுத்துராதீங்க."

ஒரு வெள்ளிக்கிழமை பகலில், அடுக்களையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது அவள் இறந்துபோனாள். ஊர் அவளை அடக்கம் செய்தது, மேட்டுத்தெருவுக்கு அப்பால், கடல் எட்டாத புதிய கல்லறைத் தோட்டத்தில். ஊரிலேயே உயரமான இடம் அதுதான். ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. பெண்கள் மாரடித்து அழுத அழுகை உண்மையானது. அழுதுகொண்டே அவர்கள் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மையானது.

சாயங்காலம் ஆனது. ஊர் முழுவதும் ததேயு வீட்டைச் சுற்றி நின்றது. கோழி, பெட்டி, பாத்திரம், பால்குடிப் பிள்ளை எல்லாவற்றோடும் நின்றது. ததேயு உள்ளே பலகையில் உட்கார்ந்திருந்தார். விளக்கு ஏற்றவில்லை. பாய் விரிக்கவில்லை. கடல் கல்லறைத் தோட்டம் இருந்த இடத்திலிருந்து எழுந்து வருகிற சத்தம் அவருக்குக் கேட்டது. அதன் ஒவ்வொரு இழுப்பும், தட்டலில்லாத நல்ல எஞ்சினைப்போலத் தெளிவாகக் கேட்டது. அவர் எழவில்லை. ஒருநாள், ஒரே ஒருநாள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். குருசடிக்கு முன்னால் தார்ச் சாலையில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்ததுபோல, பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

கில்பர்ட் படிக்கட்டு வரை வந்து, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ததேயு" என்றார். கடல் முற்றத்து வேலியைச் சாய்த்தது. வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி, முதல் படியை நனைத்தது. ஒரு குழந்தை அழுதது. முதுகு பொள்ளிய குழந்தையாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். ததேயு அதற்காகவும் எழவில்லை.

அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது, இன்றைக்கு அவளுக்குத் தோத்திரம் சொல்லவில்லை என்பது. வீட்டுக்கு வந்த நாள் முதல் மரணத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, வாழ்வை அவர் பக்கம் தள்ளிவிட்டவளுக்கு, அவர் இன்னும் நன்றி சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் உள்ளதை எல்லாம் வரிசை மாறாமல் சொல்லித் தீரவேண்டும். வேறு வழி அவருக்குத் தெரியாது.

அவர் எழுந்து விளக்கேற்றினார். இரண்டு பாயையும் விரித்தார். தன் பாயில் முழங்காலிட்டு முதல் பாதியைச் சொன்னார். வெளியே நின்ற ஊர், எதிர்பார்த்திருந்ததுபோல, ஒரே குரலில் அடுத்த பாதியை எடுத்தது. ததேயு திரும்பாமல் கையை உயர்த்தினார்.

"அது அவளுக்க பாதி" என்றார்.

ஊர் வாயை மூடியது. அவர் காத்திருந்தார். அவள் நல்ல சுகத்தோடு இருந்த காலத்தில் அந்தப் பாதியைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பாளோ அவ்வளவு நேரம், "மரண" என்ற இடத்தில் இழுக்கும் மூச்சு இல்லாத அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, அடுத்த மணியைத் தொடங்கினார். ஒவ்வொரு மணிக்கும் அவர் குரல் வந்தது, பிறகு அவள் அளவுக்கு ஒரு மௌனம் வந்தது. முதல் படியில் ஏறிய கடல் அங்கேயே நின்றது. அத்தனை பேர் நின்ற முற்றத்தில் ஒரு இருமல் கேட்கவில்லை. ஐம்பத்து மூன்றும் முடிந்தது. அவர் வெறும் பாயின் பக்கம் திரும்பி, கைகூப்பி, "சேசுவுக்குத் தோத்திரம்" என்றார். பதிலுக்கும் காத்திருந்தார்.

பிறகு எழப் பார்த்தார். முட்டு பூட்டிக்கொண்டது. கில்பர்ட் ஓடிவந்து கை நீட்டினார், அவருக்குப் பின்னால் பல கைகள் நீண்டன. ததேயு எந்தக் கையையும் பார்க்கவில்லை. முழங்காலிலேயே இருந்தார். அப்போது முற்றத்தில் நின்ற கடலிலிருந்து ஒரே ஒரு அலை பிரிந்து, கில்பர்ட்டின் காலைச் சுற்றிக்கொண்டு படியேறி, விளக்கை அணைக்காமல், இரண்டு பாயையும் நனைத்து, அவர் இடுப்புவரை மெதுவாக உயர்ந்தது. அவர் உடம்பு லேசானது. எழுந்து நின்றார். அவர் நின்றதும் அது வந்த வழியே இறங்கி, மற்ற கடலையும் கூட்டிக்கொண்டு, முதுகு காட்டாமல் போனது.

ஊர் கலைந்தது. இனி அந்தக் கிழவருடைய மூச்சை எண்ணிக்கொண்டுதான் தாங்கள் தூங்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் வெயில் ஏறியதும் ததேயு இரண்டு பாயையும் வெளியே கொண்டுவந்து உதறி, சாய்ந்த வேலியை நிமிர்த்தி, அதன்மேல் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டார். சாயங்காலத்துக்குள் காயவேண்டும் என்று மத்தியானம் ஒருமுறை வந்து, முதலில் அவள் பாயையும் பிறகு தன் பாயையும் புரட்டிப் போட்டார்.